சென்னை கவுன்ட்டரா, எங்க ஊரு கவுன்ட்டரா: ரெண்டு வரிசையிலயும் நின்னவளோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், இது வேப்பமர நிழல், கிணத்துத் தண்ணி, சுத்தமான காத்து பத்தின ரிவ்யூ கிடையாது. "சிட்டி நரகம், ஊருக்குத் திரும்புங்க மக்களே"ன்னு பின்னாடி புல்லாங்குழல் ஓடுற ரீல்ஸும் கிடையாது. சென்னையில பல வருஷம் வாடகை வீட்ல இருந்துட்டு, மாமனாருக்கு உடம்பு முடியாமப் போனதால வீட்டுக்காரரோட சொந்த ஊருக்கே வந்து செட்டில் ஆனவ நான். ஊரு ஒரு பேரூராட்சி, தெக்கத்திப் பக்கம், மாவட்டத் தலைநகருக்குப் போக பஸ்ல ஒரு மணி நேரம் ஆகும், பேரு வேணாம், ஏன்னா கீழ நான் திட்டப்போற ஆபீஸ் எல்லாம் இங்கதான் இருக்கு, நாளைக்கும் நான் அங்கதான் போய் நிக்கணும். அரசாங்கம் நமக்குக் குடுக்குற சர்வீஸ் அங்க எப்படி, இங்க எப்படின்னு மட்டும்தான் எழுதப்போறேன். 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டுல நூத்துக்கு 48 பேரு நகரத்துல இருக்காங்கன்னு பெருமையாச் சொல்றோம்ல, அந்தக் கணக்குல எங்க பேரூராட்சியும் நகரம்தான். ராத்திரி ஒம்போது மணிக்கு மேல ஒரு காய்ச்சல் மாத்திரை வாங்க முடியாத நகரம்.

பஸ்ஸுல இருந்து ஆரம்பிக்கிறேன். சென்னைக்கு 5க்கு 4 தாராளமாக் குடுக்கலாம். பெரம்பூர்ல ஏறினா பெசன்ட் நகர் வரைக்கும் கொண்டுபோய் விடுற 29சி மாதிரி ரூட்டு எல்லாம் இருக்கு, ஒண்ணை விட்டா இன்னொண்ணு வரும், அது இல்லன்னா ஷேர் ஆட்டோ, 2015ல இருந்து மெட்ரோ வேற. கூட்டம், வேர்வை, ஃபுட்போர்டு எல்லாம் உண்டுதான், ஆனா "பஸ் இல்ல, அதனால போகல"ங்கிற பேச்சு அங்க ரொம்பக் கம்மி. இங்க டவுன் பஸ்ஸுக்கு யாரும் நம்பர் சொல்றதில்ல, ஏழேகால் வண்டி, ஸ்கூல் வண்டி, கடைசி வண்டி, இவ்ளோதான் பேரு. ஏழேகாலை விட்டா ஒம்போது மணி வரைக்கும் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு, போறவங்க வர்றவங்க எல்லாம் "என்னம்மா, வண்டி போயிருச்சா"ன்னு கேக்குறதுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும்.

ஆனா ஒண்ணு. 2021 மே மாசத்துல இருந்து சாதாக் கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்லன்னு ஆச்சே, அது சென்னையை விட இங்கதான் பெரிய விஷயம். சென்னையில நான் வேலைக்குப் போகும்போது டீலக்ஸ் வண்டியா வரிசையா வரும், ஃப்ரீ வண்டிக்கு நின்னா லேட்டாகும், அவசரத்துல காசு குடுத்தே ஏறிடுவோம். இங்க ஓடுற டவுன் பஸ் கிட்டத்தட்ட எல்லாமே சாதா வண்டிதான். ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போற பொண்ணுங்க, பூ வாங்கிட்டு வந்து கட்டி விக்கிறவங்க, பெரியாஸ்பத்திரிக்கு மாசாமாசம் போற பாட்டிங்கன்னு காலையில வண்டியில பாதிக்கு மேல பொம்பளைங்க. மிச்சமாகுற காசைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, அதை விடப் பெருசு வேற ஒண்ணு இருக்கு. முன்னாடி எல்லாம் பஸ்ஸுக்கு வீட்டுக்காரர் கிட்டயோ மகன் கிட்டயோ காசு கேக்கணும், காசு கேட்டா எங்க போற, எதுக்குப் போறன்னு சொல்லணும், இப்ப சேலையை மாத்துனமா கிளம்புனமான்னு இருக்காங்க. இதுக்கு மட்டும் 5க்கு 5.

கண்டக்டரைப் பத்தியும் சொல்லணும். இங்க கண்டக்டருக்கு எல்லாரையும் தெரியும், தூரத்துல கூடையைத் தூக்கிட்டு ஓடி வர்ற அக்காவைப் பார்த்தா விசிலடிச்சு வண்டியை நிறுத்தி வைப்பாரு, சென்னையில இது கனவுல கூட நடக்காது. அதே கண்டக்டர்தான் ஒரு நாள் காலேஜ் பொண்ணு ஒருத்தி கூடப் படிக்கிற பையன் பக்கத்துல உக்காந்து வந்ததை, வண்டி ஸ்டாண்டுக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடி அவங்க அப்பாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னாரு. நல்லெண்ணத்துலதான் சொன்னாரு, அவரைக் கேட்டா "நம்ம ஊரு புள்ள, நம்ம சொல்லாம யாரு சொல்றது"ம்பாரு. அடுத்த வாரத்துல இருந்து அந்தப் பொண்ணை அப்பாவே பைக்குல கூட்டிட்டுப் போறாரு. வண்டியை நிறுத்தி வைக்கிறதும் இதுவும் ஒரே குணத்துல இருந்துதான் வருது, ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு இன்னொண்ணை வேணாம்னு சொல்ல வழி இல்ல.

சென்னைக்கு நான் 5க்கு 5 குடுக்காததுக்குக் காரணம் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு. 2023 டிசம்பர்ல தொறந்தாங்க, ஸ்டாண்டு பார்க்க நல்லா விசாலமா சுத்தமாத்தான் இருக்கு, குறை சொல்ல முடியாது. ஆனா தெக்க இருந்து வர்றவங்களுக்கு முன்னாடி கோயம்பேடுல இறங்குனா ஊருக்குள்ள இறங்குன மாதிரி, இப்ப விடியக்காலையில அங்கருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளி இறங்கி, பையைத் தூக்கிக்கிட்டு இன்னொரு வண்டி தேடணும். சென்னைக்குள்ள டிராஃபிக் குறையணும், நியாயம்தான், அதுக்கான அலைச்சல் மட்டும் வெளியூர்க்காரன் தலையில.

தண்ணி விஷயத்துல ரெண்டுமே பாஸ் மார்க்குதான். 2019ஆம் வருஷம் கோடையில சென்னையில இருந்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க, பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் காஞ்சு, ஜூலை மாசம் ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி கொண்டுவந்தாங்க. மீஞ்சூர்ல 2010லயும் நெம்மேலியில 2013லயும் கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குற ப்ளான்ட் வந்து, ஒண்ணொண்ணும் நாளைக்கு 10 கோடி லிட்டர்னு கணக்கு, அப்படி இருந்தும் அந்த நிலைமை. தெருவுல லாரி வந்து நின்னா குடத்தோட சண்டை, அப்பார்ட்மென்ட்டுன்னா பிரைவேட் லாரிக்காரன் கேட்டதுதான் ரேட்டு. இங்க லாரி கிடையாது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில வரும், எத்தனை மணிக்கு வரும்னு எங்கயும் எழுதி இருக்காது, தண்ணி தொறந்து விடுற அண்ணன் எப்ப வால்வைத் திருப்புறாரோ அப்ப. அவரு நல்ல மனுஷன். ஆனா அவரு இருக்குற தெருவுல தண்ணி கொஞ்சம் அதிக நேரம் வரும், சேர்மன் தெருவுல இன்னும் அதிக நேரம் வரும், மேட்டுத் தெருவுல வராது. மேடுன்னா தண்ணி ஏறாதுதானேன்னு கேப்பீங்க, நானும் அப்படித்தான் நினைச்சேன், ஆனா மேட்டுத் தெருவுக்குப் பின்னாடி இருக்குற புது பிளாட்டு அதை விட மேடு, அங்க நல்லா வருது.

சாக்கடை பத்தி ஒரே வரி. பாதாளச் சாக்கடைன்னு ஒண்ணு இருந்த இடத்துல இருந்துட்டு, செப்டிக் டேங்க் லாரிக்கு ஃபோன் பண்ணி, அவன் இந்தா வர்றேன் அந்தா வர்றேன்னு இழுத்தடிக்கிற இடத்துக்கு வந்தா சென்னையோட அருமை தெரியும். மழைக்காலத்துல அந்தச் சென்னை சாக்கடையே வீட்டுக்குள்ள வரும்ங்கிறது வேற கதை, 2015 டிசம்பர்ல அதையும் பார்த்தாச்சு.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன், சர்டிஃபிகேட். வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வாரிசுச் சான்றுன்னு மனுஷனா பொறந்தா இதுல ஏதாவது ஒண்ணுக்காக ஒரு தடவையாவது அலையத்தான் வேணும். இப்ப எல்லாம் ஈ-சேவை வந்தாச்சு, 60 ரூபா கட்டி ஆன்லைன்ல போட்டா விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார்னு ஒவ்வொரு படியா ஏறி, ஃபோனுக்கு மெசேஜ் வந்து, பிடிஎஃப்பா எடுத்துக்கலாம்னு சிஸ்டம். சென்னையில நான் எடுத்தப்போ அப்படியேதான் நடந்துச்சு. டோக்கன் குடுத்தாங்க, கவுன்ட்டர்ல இருந்த அம்மா என் முகத்தைக் கூட நிமிர்ந்து பார்க்கல, பேப்பரை வாங்கி ஸ்கேன் பண்ணி தள்ளிவிட்டுட்டு "நெக்ஸ்ட்"னு கூப்பிட்டுச்சு. அப்ப எனக்கு செம கடுப்பு, ஒரு மனுஷியை மனுஷியா மதிக்கத் தெரியலயேன்னு வீட்டுக்கு வந்து பொலம்புனேன். வேலை என்னவோ முடிஞ்சுருச்சு.

இங்க ஆன்லைன்ல போட்டதோட முடியாது, விஏஓ ஆபீஸுக்கு நேர்ல போய்ப் பார்க்கணும், பார்க்கலன்னா அது அப்படியே பெண்டிங்ல கிடக்கும். நான் போனப்போ உள்ள இருந்தவரு என்னைப் பார்த்ததும் "வாத்தியார் மருமகளா, உக்காரும்மா, சாருக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு"ன்னு கேட்டு, டீ சொல்லி, அந்த இடத்துலயே ஃபார்வேர்டு பண்ணிட்டாரு. மாமனார் ரிட்டயர்டு ஸ்கூல் வாத்தியார், பாதி ஊரு அவர் கிட்ட படிச்சது. வெளிய வரும்போது எனக்கு அவ்ளோ சந்தோஷம், இதுதான்டா ஊரு, இதுதான் மனுஷத்தன்மைன்னு சென்னையில இருக்குற ஃப்ரெண்டுக்கு வாய்ஸ் நோட் எல்லாம் அனுப்புனேன்.

எதிர்வீட்டு அக்காவும் அதே ஆபீஸுக்குத்தான் அலைஞ்சாங்க. வேற மாவட்டத்துல இருந்து வந்தவங்க, புருஷன் கூட இல்ல, ஒத்தப் பொண்ணை வச்சுக்கிட்டு தையல் மிஷின் ஓட்டிப் படிக்க வைக்கிறாங்க. அப்ப பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிருந்துச்சு, அவங்க குடும்பத்துலயே முதல் ஆளா காலேஜ் போக இருந்துச்சு, கவுன்சிலிங்ல எஞ்சினியரிங் சீட்டு கிடைச்சா டியூஷன் ஃபீஸ் சலுகைக்கு முதல் பட்டதாரிச் சான்று வேணும். இவங்க போனா "இந்த ஊர்ல உங்களை யாருக்குத் தெரியும், தெரிஞ்ச ஆள் யாரையாவது கூட்டிட்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்புனாங்க. ஆதார் இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு, வாடகை ஒப்பந்தம் இருக்கு, இதெல்லாம் தெரியாத ஆளைத் தெரிஞ்சுக்கத்தானேய்யா கண்டுபிடிச்சிருக்கு. புருஷன் எங்க, ஏன் கூட இல்ல, எந்த ஊர்ல எந்தத் தெரு, என்ன ஆளுங்கன்னு ஃபாரத்துல இல்லாத கேள்வி எல்லாம் அங்க நிக்கிற நாலு பேரு முன்னாடி கேட்டுருக்காங்க. கடைசியில என் மாமனார் ஒரு ஃபோன் போட்டாரு, முடிஞ்சுது. அக்கா எங்களுக்கு நன்றி சொன்னப்போ எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, ஏன்னா எனக்குக் கிடைச்ச டீயும் அவங்களுக்குக் கிடைச்ச அலைச்சலும் ஒரே மேஜையில இருந்துதான் வந்துச்சு. மூஞ்சியைப் பார்க்காம "நெக்ஸ்ட்"னு கூப்பிட்ட அந்தச் சென்னை அம்மா கிட்ட இவங்க போயிருந்தா, யாரு சிபாரிசும் இல்லாம, யாரு கிட்டயும் புருஷன் கதையைச் சொல்லாம, வாங்கிட்டு வந்துருப்பாங்க.

அதனால சர்டிஃபிகேட்டுக்கு ரேட்டிங் எனக்குன்னா ஊருக்கு 5, அக்காவுக்குன்னா 1. சராசரி போட்டு 3ன்னு சொன்னா அது பொய்.

ஊருல மனுஷங்களுக்கு மதிப்பு இருக்கு, சிட்டியில இல்லன்னு பேசுறவங்க கிட்ட எல்லாம் நான் இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அந்த மதிப்பு உங்களுக்கா, உங்க மாமனாருக்கா, உங்க தெருவுக்கா, உங்க சாதிக்கா? சென்னையில எனக்கு மதிப்பு இல்லாம இருந்துச்சு, ஒத்துக்குறேன், ஆனா அங்க யாருக்குமே இல்ல, அதனால வரிசை நகர்ந்துச்சு. (பணம் குடுத்து வரிசையைத் தாண்டுறவன் அங்கயும் இருக்கான், புரோக்கர் எல்லா ஆபீஸ் வாசல்லயும் டீக்கடை பக்கமா நிப்பான், அதுல சிட்டி கிராமம் வித்தியாசம் எல்லாம் இல்ல.)

ஆஸ்பத்திரிக்கு வருவோம். இதுல நான் சென்னையில நினைச்சிருந்ததை விட ஊரு நல்லாவே இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸ் அக்காங்க வேலை பார்க்குறதைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடலாம். தமிழ்நாட்டுல பிரசவம் 99 சதவீதத்துக்கு மேல ஆஸ்பத்திரியிலதான் நடக்குதுன்னா அதுக்குக் காரணம் மவுன்ட் ரோடு கார்ப்பரேட் ஆஸ்பத்திரி இல்ல, இவங்கதான். 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதுல இருந்து மாமனார் இருந்த வரைக்கும் அவருக்கு பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் வீட்டு வாசலுக்கே வந்துச்சு, வர்றவங்க பிரஷர் பார்த்து நோட்டுல எழுதிட்டு, "தாத்தா, உப்பைக் குறைக்கலைல்ல நீங்க"ன்னு ஒரு அதட்டும் போட்டுட்டுப் போவாங்க. சென்னையில இருந்த வரைக்கும் இந்தத் திட்டம் இருக்குன்னு பேப்பர்ல படிச்சதோட சரி, எங்க அப்பார்ட்மென்ட் கேட்டைத் தாண்டி யாரும் வந்து பார்த்ததில்ல, செக்யூரிட்டி உள்ள விட்டுருக்கவும் மாட்டாரு.

ஆனா மாத்திரை வரைக்கும்தான். ஸ்கேன்னா மாவட்டத் தலைநகரு, அதுக்கு மேலன்னா மெடிக்கல் காலேஜ். முன்னாடி மெடிக்கல் காலேஜ் இல்லாத மாவட்டத்துக்காரங்க பாடு இன்னும் கஷ்டம், 2022 ஜனவரியில விருதுநகர், ராமநாதபுரம், திண்டுக்கல், அரியலூர், கள்ளக்குறிச்சின்னு ஒரே நேரத்துல 11 அரசு மெடிக்கல் காலேஜ் தொறந்தது உண்மையிலேயே பெரிய வித்தியாசம். அப்படியும் பெரிய கேஸுன்னா சென்ட்ரல் எதிர்ல இருக்குற ஜிஎச்சுக்குத்தான் ரயிலேறுறாங்க. 1664ல கோட்டைக்குள்ள ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, இன்னைக்கும் தமிழ்நாட்டோட பாதி நோய் அங்கதான் போய்ச் சேருது. சென்னைக்காரங்களுக்கு அது வீட்ல இருந்து ஒரு பஸ் தூரம், எங்களுக்கு ஒரு ராத்திரி, கூட ஒரு ஆளு, தங்குறதுக்கு வராண்டா. 108க்கு ஃபோன் பண்ணா வண்டி வருது, 2008ல இருந்து ஓடுற சர்வீஸ், நல்லாவே ஓடுது, ஆனா வண்டி வந்து ஏத்துனதுக்கு அப்புறம் போய்ச் சேர வேண்டிய தூரத்தை 108 என்ன பண்ண முடியும்.

இன்ஷூரன்ஸ் பத்தி ஒரு வார்த்தை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, நல்ல திட்டம், ஆனா கார்டு வாங்க வருமானச் சான்று வேணும். திரும்பவும் அதே மேஜை.

இன்னொண்ணு யாரும் வெளிய பேசாத விஷயம். ஆரம்ப சுகாதார நிலையத்துல உங்களைத் தெரியும்ங்கிறது பிரஷருக்கு நல்லது, மத்ததுக்கு? நாள் தள்ளிப்போச்சுன்னு டெஸ்ட் எடுக்கப் போனா, நீங்க வீட்டுக்காரர் கிட்ட சொல்றதுக்கு முன்னாடி மாமியாருக்குத் தெரிஞ்சுருக்கும். வேணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க, மார்க்கெட்ல பார்க்கும்போது "என்ன விசேஷமா"ன்னு ஒரு சிரிப்பு, அவ்ளோதான், ஆனா அது போதும். மனசு சரியில்லன்னு டாக்டரைப் பார்க்கணும்னா எங்க ஊருக்காரங்க மூணு பஸ் மாறி தெரியாத ஊருக்குப் போறாங்க. கல்யாணமாகாத பொண்ணு லேடி டாக்டரைப் பார்க்கவே யோசிக்கும். சென்னையில கூட்டத்தோட கூட்டமா ஓபி சீட்டு வாங்கிட்டுப் போயிருக்கேன், பக்கத்துல நின்னவங்களுக்கு நான் யாருன்னு தெரியாதுங்கிறதே பாதி வைத்தியம் மாதிரி இருந்துச்சு.

ரேஷன் கடை. இதுல ஊருதான் ஜெயிக்கும், யோசிக்கவே வேணாம். துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, அரிசி 2011ல இருந்து இலவசம், இது ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான், ஆனா சரக்கு எப்ப வரும்ங்கிற தகவல்தான் ரேஷன்ல பாதி. இங்க லாரி வந்து நின்ன பத்தாவது நிமிஷம் தெருவுக்கே தெரியும், எடுக்கலன்னா பக்கத்து வீட்டு சித்தி வந்து கதவைத் தட்டும். சென்னையில முன்னாடி வாடகை வீடு மாறும்போது எல்லாம் கார்டு அட்ரஸை மாத்த வேண்டியிருந்துச்சு, பாதிப் பேரு மாத்தாமலேயே ஊருக் கார்டையே வச்சுக்கிட்டு வெளிய அரிசி வாங்கித் தின்னாங்க, நாங்களும் அப்படித்தான் ஓட்டுனோம். கைரேகை விழலங்கிற பஞ்சாயத்து மட்டும் ரெண்டு இடத்துலயும் உண்டு, வயல்ல வேலை பார்த்துத் தேஞ்ச விரலுக்கு இங்க கொஞ்சம் ஜாஸ்தி.

கவுன்சிலர். 2016ல பதவிக்காலம் முடிஞ்சதுக்கு அப்புறம் 2022 பிப்ரவரி வரைக்கும் தமிழ்நாட்டுல எந்த நகரத்துலயும் கவுன்சிலரே கிடையாது, சென்னையில எங்க அப்பார்ட்மென்ட்ல அது யாருக்கும் உறைக்கக் கூட இல்ல. லைட் எரியலன்னா 1913க்கு ஃபோன், கம்ப்ளைன்ட் நம்பர் மெசேஜ்ல வரும், சில சமயம் லைட் எரியும், சில சமயம் எரியாமலேயே "சரி செய்யப்பட்டது"ன்னு மெசேஜ் வரும். இங்க கவுன்சிலரைக் காலையில பால் வாங்கப் போகும்போதே பார்க்கலாம். எங்க வார்டு லேடீஸ் வார்டு, உள்ளாட்சியில பாதி இடம் பொம்பளைங்களுக்குன்னு சட்டம் இருக்குல்ல, அந்தக் கணக்குல ஜெயிச்ச அக்கா ஒருத்தங்கதான் கவுன்சிலர். ஃபோன் பண்ணா எடுக்குறது அவங்க வீட்டுக்காரர். வாட்ஸப் குரூப்ல "கவுன்சிலர்"னு சேவ் ஆகியிருக்குறதும் அவர் நம்பர்தான். வேலையை முடிச்சுக் குடுத்துடுறாரு, அதைச் சொல்லணும், சொன்ன அன்னைக்கே ஆளோட வந்து பல்பு மாத்துனாரு. அந்த அக்காவை நான் கல்யாண வீட்டுப் பேனர்ல கைகூப்பி நிக்கிறப்போதான் முழுசாப் பார்த்துருக்கேன்.

லைப்ரரி பத்தி நினைச்சா எனக்கு வயிறு எரியும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010ல தொறந்தது, அங்க சொந்தப் புக்கை எடுத்துட்டுப் போய் உக்காந்து படிக்கத் தனி இடமே இருக்கு, ஏசி, பாத்ரூம், கேன்டீன், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பொண்ணுங்க காலையில டிஃபன் பாக்ஸோட வந்து சாயங்காலம் வரைக்கும் தலையைத் தூக்காம உக்காந்திருக்கும், என்ன ஏதுன்னு ஒரு ஆளு கேக்க மாட்டாங்க. 2023ல மதுரையிலயும் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துருச்சு, அதுவும் பெரிய ஊருதான். எங்க ஊர்லயும் கிளை நூலகம் இருக்கு, வீட்டு வரியோட நூலக வரியும் சேர்த்து நாங்களும்தான் கட்டுறோம், ஒரு ஹால், ரெண்டு ஃபேன், பேப்பர் படிக்க வர்ற பெரியவங்க. லைப்ரரியன் நல்லவரு, கேட்ட புக்கைத் தேடி எடுத்துக் குடுப்பாரு. ஆனா ஒரு பொண்ணு ரெண்டு நாள் தொடர்ந்து வந்து உக்காந்தா மூணாவது நாள் "யாரு வீட்டுப் பொண்ணு, வேலை வெட்டி இல்லாம இங்க வந்து உக்காந்திருக்கு"ன்னு பேச்சு கிளம்பிடும். பாத்ரூம் இருக்கு, பூட்டி இருக்கு.

வீடு வாடகைக்கு எடுக்குறதுல மட்டும் சென்னையைத் தூக்கிப் பேச மாட்டேன். யாரும் யாரையும் கண்டுக்காத ஊருன்னு சொன்னேன்ல, ஹவுஸ் ஓனருங்க விதிவிலக்கு. வெஜ்ஜா நான்வெஜ்ஜான்னு கேக்குறது சாப்பாட்டைப் பத்தி மட்டும் இல்லன்னு கேக்குறவங்களுக்கும் தெரியும், பதில் சொல்றவங்களுக்கும் தெரியும். இங்க அந்தச் சுத்தி வளைக்கிற வேலையே இல்ல, எந்தத் தெருன்னு கேப்பாங்க, முடிஞ்சுது.

சாவு வீட்டுல ஊரு மாதிரி சென்னை வராது. போன வருஷம் மாமனார் தவறுனப்போ நாங்க எதையும் யாருக்கும் சொல்லவே இல்ல, பந்தல் வந்துச்சு, சேர் வந்துச்சு, தெருவே ஒரு வாரம் எங்களுக்குச் சமைச்சுப் போட்டுச்சு, இறப்புச் சான்றுக்கு எழுதிக் குடுக்குறது வரைக்கும் அவர் கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் பார்த்துக்கிட்டான். சென்னையில எங்க பிளாக்ல ஒரு பெரியவர் போனப்போ ஃப்ரீசர் பாக்ஸுக்கும் வண்டிக்கும் மகள் ஒத்தையா ஃபோன்ல பேசிக்கிட்டிருந்துச்சு, நாங்க நாலஞ்சு பேரு லிஃப்ட் பக்கத்துல நின்னோம், அதுக்கு மேல என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரியல. ஆனா அந்தப் பெரியவரை மாநகராட்சி மயானத்துக்குக் கொண்டுபோனப்போ அங்க இருந்தவரு பேரு, வயசு, டாக்டர் சர்டிஃபிகேட், ஆதார், இவ்ளோதான் கேட்டாரு, எரியூட்டுற மேடை எல்லாருக்கும் ஒண்ணுதான். எங்க ஊர்ல சுடுகாடு ஒண்ணு இல்ல. எது யாருக்குன்னு போர்டு கிடையாது, எல்லாருக்கும் தெரியும், காலனிக்குத் தனி, அதுக்குப் போற பாதையில மழை பேஞ்சா முழங்கால் தண்ணி. எங்க மாமனாரைக் கொண்டுபோன பாதை சிமென்ட் ரோடு, ரெண்டு பக்கமும் லைட்டு. காலனியில இருந்தும் அவர் கிட்ட படிச்சவங்க நிறையப் பேரு வந்திருந்தாங்க, தெரு முனை வரைக்கும் வந்தாங்க.

சேதி இவ்ளோதான், இதுக்கு மொத்தமா ஒரு ரேட்டிங் போடச் சொன்னா நான் போட மாட்டேன். யாரு கேக்குறாங்கன்னு பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். ஊருல உங்க வீட்டுப் பெரியவங்க பேரு சொன்னா நாலு பேரு எழுந்து நிப்பாங்கன்னா தாராளமா வாங்க, மாத்திரையில இருந்து சர்டிஃபிகேட் வரைக்கும் வீடு தேடி வரும். அப்படி இல்லன்னா, தனியா இருக்கீங்கன்னா, வேற சாதியில கல்யாணம் பண்ணியிருந்தீங்கன்னா, சென்னையில கொசுக்கடியோட இன்னும் கொஞ்ச நாள் இருங்க.

எப்படியும் வர்றதுன்னு முடிவு பண்ணிட்டவங்களுக்குச் சில விஷயம். கிளம்புறதுக்கு முன்னாடியே ஆதார், ரேஷன் கார்டு அட்ரஸ் ரெண்டையும் மாத்துறதுக்கான பேப்பரை ரெடி பண்ணிக்கோங்க. பசங்க பன்னெண்டாவது படிக்கிறாங்கன்னா ரிசல்ட் வரட்டும்னு காத்திருக்காம சான்று எல்லாத்துக்கும் முன்கூட்டியே போட்டுருங்க, ரிசல்ட் வந்த வாரம் ஈ-சேவை மையத்துல சர்வர் எந்திரிக்காது. டவுன் பஸ் டைமை வீட்டுக் கதவுக்குப் பின்னாடி எழுதி ஒட்டுங்க, கூகுள் மேப் காட்டுற டைமை நம்பாதீங்க. செப்டிக் டேங்க் லாரிக்காரர் நம்பர் ரெண்டு பேரோடதாவது வேணும். வீட்ல பொண்ணு ஏதாவது போட்டித் தேர்வுக்குப் படிக்குதுன்னா, கதவைச் சாத்திட்டு உக்காந்து படிக்க ஒரு ரூம் தனியா இருக்கான்னு பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க, லைப்ரரியை நம்பி வராதீங்க.